குழாயடியில் வெள்ளைக்காரிகள்

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை, திருப்பதி. நான் அங்கே பல்கலைக்கழக விடுதியில் தங்கி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவளை என் அறைத்தோழி, "சும்மாதானே இருக்கே, வாடி, இத்தாலி படம் போடறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாணவர்களும் லெக்சரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு திரைப்படச் சங்கம் அங்கே இருந்தது. மெட்ராஸிலிருந்து தகரப் பெட்டியில் படம் வரும். பெரிய வகுப்பறையில் வெள்ளைத் துணியைக் கட்டிப் போடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடி போட்ட ஆசாமிகள்.

எனக்கோ ஒரே பயம். நான் சித்தூர்க்காரி. மிஷன் காம்பவுண்டுக்குப் பின் தெருவில் வீடு. எங்கள் சபையில் சினிமாக் கொட்டகை வாசலை மிதித்தாலே பாவம். வருஷத்துக்கு ஒரு தரம் மிஷன் பள்ளிக்கூட ஹாலில் காட்டும் இயேசு படத்தைத் தவிர வேறு படமே பார்த்ததில்லை. 'இது கொட்டகை இல்லையே, வகுப்பறைதானே' என்று மனசாட்சியைச் சமாளித்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

படம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐயோ, நான் எழுந்தே நின்றுவிட்டேன்!

திரையில் ஒரு மலையடிவார ஊர். உலக யுத்தம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. தெருமுனையில் ஒரே ஒரு குழாய். அதன் எதிரே வரிசையாகப் பெண்கள், வெறுங்காலோடு, ஒட்டுப் போட்ட பாவாடையோடு, தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன் மேல் செப்புக் குடத்தோடு நிற்கிறார்கள். எல்லோரும் வெள்ளைக்காரிகள்! ஒருத்தி, இன்னொருத்தி கீழே இறக்கி வைத்த குடத்தைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளுகிறாள். சண்டை வேறு.

"எங்க நைனா பொய் சொல்லலடி!" என்று கத்தினேன். பின்னாலிருந்து யாரோ "கூர்ச்சோம்மா!" என்று தெலுங்கில் அதட்டினார்கள். தோழி என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அவள் நினைத்திருப்பாள்.

விஷயம் இதுதான். நைனா என்றால் என் அப்பா, ரோடு மேஸ்திரி. வாலிப வயசில் பட்டாளத்தில் சேர்ந்து, உலக யுத்தத்தில் இத்தாலிக்குப் போய்ப் பாலம் கட்டிவிட்டு வந்தவர். வாயாடி மனுஷன். தார் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்த ஊர்ல வெள்ளைக்காரிங்கல்லாம் குடம் தூக்கிக்கினு தண்ணிக்கு அலைவாங்க. எங்க சமையல் கொட்டாய் பக்கத்துல தகர டப்பாவ ஏந்திக்கினு நிப்பாங்க" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் யார்? மிஷன் பங்களா துரையும் துரைசானியும்தான். அவர்களுக்குத் தோட்டக்காரன், சமையல்காரன், தண்ணீர் இறைக்க ஆள். வெள்ளைக்காரியாவது, குடமாவது! நைனாவுக்குத் தெருவில் 'இத்தாலி ரீலு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைச் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்.

ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒரு அறுப்பின் பண்டிகையில் அது விளையாட்டாக இல்லாமல் போனது. எங்கள் சபையில் பண்டிகை ஆராதனையின்போது, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது வழக்கம். சாட்சி சொல்வது என்போம். அன்றைக்கு நைனா எழுந்தார். இத்தாலியில் ஒரு நாள் சாயங்காலம், கையில் ரொட்டியோடு போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளைக்கார அம்மாள் பிள்ளைகளோடு வந்து, ரொட்டிக்காகத் தன் எதிரே மண்டி போட்டாள் என்று சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான், சபை மூப்பர் எழுந்துவிட்டார். காலமெல்லாம் மிஷன் பங்களாவில் கணக்கெழுதியவர். துரைமார் என்றால் அவருக்குத் தேவதூதர்கள் மாதிரி. "தெருவுல உடற ரீலை எல்லாம் தேவ சந்நிதியில உடாத மேஸ்திரி. வெள்ளைக்கார அம்மா உன் காலாண்ட மண்டி போட்டாளா? உக்காருய்யா!" என்றார். சபையே கொல்லென்று சிரித்தது.

நைனா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் சாட்சி சொல்லவும் எழவில்லை, நற்கருணை அப்பம் வாங்கவும் முன்னால் போகவில்லை. பொய்யன் என்று தேவனுடைய வீட்டிலேயே சொல்லிவிட்ட பிறகு எந்த வாயால் வாங்குவது என்பார். நற்கருணை நாட்களில் கோயில் வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மற்றவர்கள் எழுந்து முன்னே போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா முன்னால் முழங்காலில் நின்று அழுவாள். வீட்டில் இத்தாலி என்ற பேச்சையே அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

இப்போது புரிகிறதா நான் ஏன் குதித்தேன் என்று?

படம் முடிந்ததும் சங்கத்தை நடத்திய தெலுங்கு லெக்சரரை வாசலிலேயே மறித்துக்கொண்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "சார், இதை எங்க ஊர்ல ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டணும் சார்" என்றேன். திங்கட்கிழமை பெட்டி மெட்ராஸுக்குத் திரும்பியாக வேண்டும் என்றார். அப்படியானால் நாளைக்கே என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார். "இந்தப் படமெல்லாம் யாரைப் பற்றி எடுத்தார்களோ அந்த மாதிரி ஜனம் ஒருத்தர்கூட இங்கே பார்க்க வருவதில்லை அம்மா. பார்ப்பவன் எல்லாம் என்னை மாதிரி ஆள்தான். நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்" என்று தெலுங்கில் சொன்னார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை முதல் பஸ். திருமலையில் மொட்டை போட்டுவிட்டுக் காணிப்பாக்கம் போகிற கூட்டம் வேறு ஏறிக்கொண்டது. நிற்க இடமில்லாமல் ஒரு மொட்டைத்தலைக்காரர் எங்கள் தகரப் பெட்டி மேலேயே உட்காரப் போனார். நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார். அப்புறம் சித்தூர் வரைக்கும் நானே பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். போதகர் அந்த வருஷம்தான் வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், வயசு கம்மி. நைனா கதை அவருக்கும் தெரியும். கேட்டதும் சரி என்றார். மூப்பர்தான் குதித்தார். "கர்த்தருடைய நாள்ல சினிமாவா? சினிமான்னாலே வேஷம். காசுக்கு வேஷம் கட்டி ஆடறத வச்சிக்கினு எதை மெய்யின்னு காட்டப் போற?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சுரீரென்றது. அதை நான் யோசிக்கவே இல்லை. லெக்சரர்தான் முன்னால் வந்து, நிதானமாகச் சொன்னார். சண்டை முடிந்ததும் அந்த நாட்டில் சில பேர், செட்டுப் போடாமல், இடிந்த தெருவிலேயே கேமராவை வைத்து, அங்கே குடியிருந்த ஜனங்களையே நிறுத்தி எடுத்த படங்கள் இவை என்றார். மூப்பர் அரைமனசாக ஒப்புக்கொண்டார். அதற்கும் ஒரு நிபந்தனை. அவர் பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர் பக்கத்திலேயே உட்காருவார், அசிங்கமாக ஏதாவது வந்தால் லென்ஸைக் கையால் மறைப்பார். "மறைச்சுக்கோங்க ஐயா, தாராளமா" என்றேன்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கினோம். ஆராதனைக்கு வராதவர்கள்கூட வந்துவிட்டார்கள்! பொய்யா மெய்யா என்று பந்தயம் பார்க்க வந்த கூட்டம் அது. தெலுங்குக்காரர்களும் நிறைய. பாயில் இடமில்லாமல் ஜனம் சுவரோரம் நின்றது.

வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர் நைனா ஒருத்தர்தான். "அவங்க நம்பித்தான் எனக்கு என்னா ஆவணும்? நீ போம்மா" என்று கயிற்றுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நீ வரலன்னா நான் படம் போட உடமாட்டேன் நைனா, அந்த வாத்தியாரு திருப்பதியிலேருந்து சும்மா வந்தாரா?" என்று சட்டையை எடுத்து முகத்தில் போட்டேன். முனகிக்கொண்டே எழுந்தார். வந்தவர் உள்ளே உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டார்.

இங்கிலீஷ் படம் போட்டால் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்வது எங்கள் சபை வழக்கம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்த வேலை எனக்குத்தான். யூதாஸ் காட்டிக்கொடுக்கும் இடத்தில் நான் அழுதுகொண்டே சொல்லுவேன் என்று ஊரில் பேர். அன்றைக்கும் மைக்கை நான்தான் பிடித்தேன். படத்துக்குக் கீழே ஓடிய இங்கிலீஷ் வரிகளைப் படித்துப் படித்துத் தமிழிலும் நடுநடுவே தெலுங்கிலும் சொல்ல வேண்டும்.

கதை ரொம்பச் சின்னது. குண்டு விழுந்து வீடு இடிந்த ஒருத்தி. புருஷன் சண்டையிலிருந்து திரும்பவில்லை. ஊரார் துணியை ஒரு பெரிய செப்பு அண்டாவில் போட்டு வேகவைத்து வெளுத்துப் பிழைத்தவள். அந்த அண்டா இடிபாட்டுக்கடியில் புதைந்து கிடக்கிறது. அதை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அவளும் அவளுடைய சின்ன மகளும் வெறுங்கையால் கல்லைத் தோண்டுகிறார்கள். படம் முழுக்க அந்த ஒரு அண்டாதான்!

குழாயடி வந்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் கூச்சல், என் மைக் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"ஏய், சும்மாடு பாருடி, நம்மளாட்டமே!"

"ஐயே, அந்தச் செவத்தவ வரிசைய உட்டுப் பூந்துட்டாடி!"

முனிசிபாலிட்டிக் குழாயில் தினமும் மல்லுக்கு நிற்கிற பெண்கள் அல்லவா? யார் வரிசையில் முந்தினாள் என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி கட்டிவிட்டார்கள். 'வரிசையில் வாங்கம்மா' என்று திரையைப் பார்த்தே ஒருத்தி அதட்டினாள். அடுத்து ரொட்டிக்கு நிற்கும் கூட்டம் வந்தது. தகர டப்பா ஏந்திய கிழவர்கள், மூக்கொழுகும் பிள்ளைகள். நைனா சொன்ன அதே தகர டப்பா! நான் சொல்வதை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தேன். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

அந்த வரிசையில் ஒரு தாய் நின்றுகொண்டே குழந்தைக்குப் பால் கொடுத்தாள். டக்கென்று திரை இருண்டது. மூப்பரின் கை! வந்ததே கோபம் பெண்களுக்கு. "கைய எடுய்யா! புள்ளைக்குப் பால் குடுக்கறதுல இன்னாய்யா அசிங்கம்?" என்று நாலாபக்கமும் குரல். எல்லாவற்றையும்விட உரத்த குரல் மூப்பரின் சம்சாரத்தினுடையது. கை தானாக இறங்கிவிட்டது. பிறகு கடைசிவரை அது எழவே இல்லை.

யாரோ ஒரு ஆம்பிளை, "எல்லாம் நடிப்புதான்" என்று முணுமுணுத்தார். என் அம்மா ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் வேலையில் இருந்தவள். கூட்டத்தில் வாயே திறக்காதவள், எழுந்து நின்று திரையைக் காட்டினாள். அண்டாவைத் தோண்டும் அந்தக் கை பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. "சோடாக்காரத்துல வெந்த கை அது. என் கையப் பாரு. இதுக்கு எவன்யா வேஷம் போடுவான்?" என்றாள்.

அப்புறம் யாரும் சந்தேகம் கேட்கவில்லை. அண்டா எப்போது வரும் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. கல் சரிந்து சின்னப் பெண் கால் மாட்டிக்கொண்டபோது, ஹாலே "கர்த்தாவே!" என்றது. பக்கத்தில் நின்ற தெலுங்கு அம்மா "கோவிந்தா!" என்றாள். கடைசியில் குழாயடியில் சண்டை போட்ட அத்தனை பெண்களும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க, நசுங்கிப்போன அண்டா மேலே வந்தது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! லெக்சரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கண்ணெல்லாம் ஈரம். நான் மைக்கில் என்ன சொன்னேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

கம்பளிகளை விலக்கினார்கள். வெளிச்சம் வந்ததும், யார் சொல்லியும் இல்லை, எல்லோரும் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார்கள். நைனா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மூப்பர்தான் எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். அவருக்கு அது லேசான காரியமாக இருந்திருக்காது. "மேஸ்திரி, அன்னிக்கு நீ சாட்சி சொல்ல எழுந்தே. நான் உக்காருன்னுட்டேன். என் தப்பு. இப்ப வந்து சொல்லி முடிச்சுடு" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு! ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவின் கையைக் கிள்ளினேன். நைனா இனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, 'பாத்தீங்களா, மண்டி போட்டாளா இல்லையா?' என்று ஒரு போடு போடுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக முன்னால் வந்தார். மைக்கை நீட்டினேன், வேண்டாம் என்றார்.

"மண்டி போட்டது நெஜந்தாண்ணே. ஆனா நான் அதைச் சொல்றதுக்கு எழுந்திரிக்கல. ஒரு பொம்பள பசியில மண்டி போட்டா, அதுல எனக்கு இன்னா பெருமை? என் கையில ரொட்டி இருந்துச்சு, குடுத்தேன். குடுத்துட்டு அவங்க ஊட்டு வாசல்லயே நின்னேன். நாம எந்த ஊட்டாண்ட போனாலும் வாசல்லதானே நிப்போம், அந்தப் பழக்கம். ரொட்டிய எடுத்துக்கினு உள்ள போனவ திரும்பி வந்தா. என் கையப் புடிச்சு உள்ள இட்டுக்கினு போயி, மேசையாண்ட உக்கார வச்சா. அவ நின்னா, எனக்கு நாற்காலி. ரொட்டிய அறுத்து மொத துண்டு எனக்கு வச்சா. அவ புள்ளைங்க குடிச்ச டம்ளர்லயே எனக்கும் தண்ணி குடுத்தா."

மூப்பர் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு அப்ப இருவது வயசு. இன்னொருத்தர் ஊட்டு உள்ள உக்காந்து நான் துன்னது அதான் மொதல் தபா. எங்க ஊரு ரெட்டியார் ஊட்ல கொட்டாங்குச்சியிலதான் எனக்குத் தண்ணி ஊத்துவாங்க. அந்த நாற்காலிக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம்னு எழுந்திரிச்சேன். நீங்க மண்டி போட்ட எடத்துலயே நிறுத்திட்டீங்க."

என் சந்தோஷம் எங்கே போனதோ தெரியவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். எங்களுக்கே அவர் அதைச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மூப்பர் நைனாவின் பக்கத்தில் வந்தார். பிறகு, காதில் சரியாக விழாதவர் மாதிரி கேட்டார். "உள்ளயா? மேசையாண்டயா உக்கார வச்சா?"

"ஆமாண்ணே."

"நான் காலமெல்லாம் துரை பங்களாவுல கணக்கு எழுதினவன்" என்றார் மூப்பர். "நல்லவங்கதான், குறை சொல்லக்கூடாது. ஆனா ஒரு நாளும் என்ன உள்ள உக்கார வைக்கல மேஸ்திரி. பின்னால வராந்தாவுலதான் துன்னேன், கடைசிவரைக்கும்."

அவ்வளவு பெரிய மனுஷர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நைனாதான் போய் அவர் தோளைப் பிடித்து அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்தார். அடுத்த நற்கருணை ஆராதனையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

லெக்சரர் அன்று மாலை பஸ்ஸிலேயே பெட்டியோடு திரும்பினார். இப்போது நைனாவும் இல்லை, மூப்பரும் இல்லை. வாழ்க்கையில் எவ்வளவோ படங்கள் பார்த்துவிட்டேன். யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொல்ல ஆரம்பிக்கும்போது எனக்கும் சிரிப்பு வருகிறதுதான், ஆனாலும் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் 'பொய்' என்று நாங்கள் எல்லோரும் நிறுத்தி வைத்த இடத்துக்கு அடுத்த வார்த்தையில்தான் என் நைனா சொல்ல விரும்பிய மெய் அத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது.